கடலுக்குப் போன கல்

இஞ்சாருங்கோ,

உங்களை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கடிதத்திலாவது எழுதுவோம் என்று பேனையை வைத்தேன், கை வரவில்லை. ஆறாம் வகுப்போடு நின்றவள் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டேன். எலிக்காய்ச்சல் உங்களைக் கொண்டுபோன பிறகு அந்தச் சேற்றில் கால்வைக்க மனம் ஏவவில்லை. சிவத்தப் பசு ஆண்கன்று போட்டிருக்கிறது, நாம்பன். ஆனால் நான் எழுத வந்தது மாமாவைப் பற்றி.

உங்கள் செத்தவீட்டோடு உங்கள் ஐயா தாடி விட்டார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிய மற்ற ஆண்கள் எல்லாரும் வழித்தார்கள், அவர் மட்டும் மாட்டேன் என்றார். பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விழுந்து படுத்த நாளில் இருந்து அவருக்கு வழித்துவிட்டது நீங்கள்தானே. இப்போது தாடிக்குள் இடது கன்னத்தில் புண். மயிரை எடுக்காமல் மருந்து பூச முடியாது, விட்டால் புண் ஆழமாகிவிடும் என்று தாதி சொல்லிவிட்டுப் போனா. சந்தியில் இருந்து சலூன்காரப் பெடியனைக் கூட்டிவந்தேன்.

“தம்பி, குறை நினையாதையும். என்ர மகன்ர கத்தி இல்லாட்டில் எனக்கு வேண்டாம்” என்று மாமா அவனைத் திருப்பி அனுப்பினார்.

கத்தி அலுமாரியில் மழுங்கிக் கிடக்கிறது. அதைத் தீட்டுகிற கல்தான் இல்லை. அது போன கதையை உங்களுக்குச் சொல்லவேண்டும்.

கிரியைக்கு உங்களை எழுந்தருள வைக்கக் குருக்கள் ஒரு கல் கேட்டார். எல்லாரும் வளவில் தேட, உங்கள் அக்கா கிணற்றடியில் இருந்த அந்தக் கறுத்தக் கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தா. “நல்ல வழுவழுப்பாக் கிடக்கு. என்ர தம்பிக்கு இதுதான் சரி” என்று சொல்லி அழுதா. அது சவரக்கத்தி தீட்டுகிற கல் என்று அவாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் அந்த நேரம் எனக்கு என்ன கண் தெரிந்தது? அதற்குப் பால் வார்த்தோம், பூப் போட்டோம், எள்ளும் தண்ணீரும் இறைத்தோம். அந்தியேட்டியன்று முல்லைத்தீவுக் கடலில் விட்டோம். உங்கள் கையில் இருந்து தேய்ந்த கல். அதில் உங்களையே இருத்திக் கடலுக்குள் விட்டோம். அதைப் பார்த்துச் சிரித்தீர்களா? அழுதீர்களா?

மாமாவிடம் சொன்னேன். “அவன்ர கல்லு அவனோட போயிட்டுது” என்றார். அவ்வளவுதான்.

குசினியில் காய்கறிக் கத்தி தீட்டுகிற கல்லில் இதைத் தீட்டி, நீங்கள் செய்வதுபோல என் கை மயிரில் வைத்துப் பார்த்தேன். வெட்டவில்லை, பிடுங்கியது.

பிறகுதான் நீங்கள் அந்தக் கல்லைத் தெரிந்தெடுத்த நாள் நினைவுக்கு வந்தது. குளத்துத் தண்ணீர் நிரம்பி வழிகிற வானுக்குக் கீழே, கொதிக்கிற வெயிலில் குந்தியிருந்து கல்லுக் கல்லாகப் புரட்டினீர்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது.

“பொம்பிளை பார்க்க வந்த அண்டுகூட நீங்கள் இவ்வளவு நேரம் பார்க்கேல்லை.”

“உம்மைப் பார்த்த உடன விளங்கினது. கல்லு அப்பிடியே? தண்ணி ஊத்தினாத்தான் குணம் தெரியும்.”

“எனக்கும் ஊத்திப் பார்த்திருந்தா ஓடித் தப்பியிருப்பியள்.”

இப்போது கோடை, வான் காய்ந்து கிடக்கிறது. போத்தலில் தண்ணீர் கொண்டுபோய் அதே இடத்தில் நானும் குந்தினேன். தண்ணீரை உடனே குடிக்கிற கல் கோடரிக்கு. மேலே அப்படியே நிறுத்தி வைக்கிற கல்தான் சவரக்கத்திக்கு. நகத்தால் இழுத்தால் எங்கும் தடக்கக்கூடாது. வெள்ளைக் கோடு ஓடினால் வேண்டாம், அந்தக் கோட்டில் கத்தியின் வாய் உடையும். இதெல்லாம் நீங்கள் எனக்குச் சொன்னதில்லை, உங்களுக்குள் புறுபுறுத்தது. எனக்குள் இறங்கிக் கிடந்தது எனக்கே தெரியாது.

சாம்பல் நிறத்தில் உள்ளங்கை அளவில் ஒன்று கிடைத்தது. சீமெந்துப் படியில் மணலும் தண்ணீரும் போட்டு முகத்தை மட்டமாக்கினேன். கத்தியைப் படுக்கவைத்து, முதுகும் வாயும் சேர்ந்து கல்லில் பட, அமத்தாமல் தள்ளினேன். கரகரப்பு அடங்கியபிறகு உங்கள் தோல் பெல்ற்றில் இழுத்தேன். என் இடது கையில் ஒரு துண்டு இப்போது மொட்டை.

மாமாவின் கன்னத்தில் நுரை பூசினேன். கத்தியை வைப்பதும் எடுப்பதுமாக நான் நின்றதைக் கண்டுவிட்டார்.

“அறுக்கிறதெண்டா ஒரேயடியா அறும் பிள்ளை.”

“பேசாமல் கிடவுங்கோ மாமா.”

கத்தி வழுக்கிக்கொண்டு போனது. புண் வெளியே தெரிந்தது. மருந்து பூசினேன். மற்றக் கன்னத்துக்கு முகத்தைத் திருப்பப் போக, ஏலுமான கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“இந்தப் பக்கம் கிடக்கட்டும். இது அவனுக்கு.”

பாதி முகத்தில் தாடியோடு படுத்திருக்கிறார். தாதி வந்து பார்த்துச் சிரித்தா. ஏன் என்று சொன்னேன், பிறகு சிரிக்கவில்லை. ஆம்பிளைக்குத் துக்கத்தை விட்டுவைக்க ஒரு கன்னம் இருக்கிறது. நான் எங்கே விட்டுவைக்கிறது, சொல்லுங்கோ?

புதுக் கல்லை உங்கள் சேட்டுகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன். இனி எந்தக் காரியத்துக்கும் ஒருவரும் அதைத் தூக்கக்கூடாது. இடது கன்னத்தை நான் பார்த்துக்கொள்வேன். வலது கன்னத்தை மாமா தானாகத் திருப்பித் தருகிற அன்று கத்தி கூராக இருக்கும். அதுவரை அதில் துரு ஏற விடமாட்டேன்.

‘இஞ்சாரும்’ என்று நீங்கள் கூப்பிட்டால் இன்னும் திரும்பிப் பார்க்கிற,
உங்கள் மனைவி