திங்கட்கிழமை மீன்கள்

மே 6

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதுகிறேன். போனில் பேசியதெல்லாம் காற்றோடு போய்விடும், எழுத்தில் இருந்தால்தான் எனக்குத் திருப்தி. காப்பீட்டுக் கம்பெனிக்காக இருபத்தாறு வருஷமாகத் தீப்பிடித்த கடைகளையும் திருடுபோன கார்களையும் விசாரிக்கிறவனுக்குப் புத்தி வேறு எப்படிப் போகும்?

வெயில் வந்துவிட்டது. ஆறு முழங்காலுக்கு இறங்கிப் பாறைகள் முதுகைக் காட்டுகின்றன. சமையலறை ஜன்னலைத் திறந்தால் பூச்சி. நம் மடுவில் மட்டும் இன்னும் ஆழம் இருக்கிறது. மீன்கள் எல்லாம் அங்கேதான் ஒதுங்கிக் கிடக்கின்றன. ஞாயிறு மத்தியானம் நல்ல வெயிலில் நாலு ட்ரவுட் மீன் பிடித்தேன். ஒன்று முழங்கை நீளம். கால் மணி நேரம் என்னோடு மல்லுக்கட்டியது. உன் அக்காவை வீட்டிலிருந்து கூப்பிட்டு, கையில் ஏந்தியபடி படம் எடுத்துக்கொண்டு, நம் வழக்கப்படி எல்லாவற்றையும் திரும்ப ஆற்றிலேயே விட்டேன். வாலை ஆட்டிக்கொண்டு போயின.

நீதான் இல்லை. இந்த இருபது வருஷத்தில் ஏப்ரல் கடைசியில் நீ பெட்டியோடு வந்து இறங்காதது இந்த வருஷம்தான். வேறு ஆறு பார்த்துக்கொண்டாயா?

இன்னொன்று. நேற்று, திங்கட்கிழமை காலை நடக்கப் போனபோது மடுவுக்குக் கீழே இரண்டு மீன்கள் வயிறு மேலாகக் கிடந்தன. எவனோ திருட்டுத்தனமாக வந்துபோகிறான். விடமாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடச் சொன்னாள் உன் அக்கா.

அன்புடன்,
அத்தான்


மே 13

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சௌகரியம். இந்த வருஷம் வர முடியவில்லை. பட்டறையில் வேலை நெரிக்கிறது. ஊரில் பாதிப் பேருக்கு ஒரே சமயத்தில் பல் கொட்டிவிட்டதோ என்னவோ, பல் டாக்டர்கள் எல்லோரும் பல்செட்டு எங்கே, பல்செட்டு எங்கே என்று பிடுங்குகிறார்கள்.

மத்தியான வெயிலில் மீன் பிடிக்காதீர்கள். தண்ணீர் என்ன சூடு இருக்கிறது என்று பார்த்தீர்களா?

அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் மச்சான்


மே 20

மச்சானுக்கு,

உன் கடிதம் டைப் அடித்து வந்திருக்கிறது. கீழே கையெழுத்துகூட இல்லை. கையெழுத்தைத் தவிர்க்கிறவன் வேறு எதையோ தவிர்க்கிறான் என்பது என் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்தது. அது கிடக்கட்டும்.

நேற்று திங்கள். மூன்று மீன்கள் செத்துக் கிடந்தன. முந்தின நாள் நான் ஐந்து பிடித்து ஐந்தையும் உயிரோடு விட்ட அதே இடத்தில். ஆறாவது ஒன்று தூண்டில் நூலை அறுத்துக்கொண்டு ஓடியது, நல்ல பெரிசு. சரி, விஷயத்துக்கு வருகிறேன். செத்த மீன் ஒன்றின் உதட்டில் ஒரு பொய்ப்பூச்சி குத்தியிருந்தது. கொக்கியில் இறகைச் சுற்றி, கழுத்தில் ஊதா நூலால் ஏழு சுற்று. பொய்ப்பல் செய்கிற கையால் நீ கட்டுகிற பொய்ப்பூச்சி. இந்த ஆற்றில் ஊதா நூல் வேறு யாரும் போடுவதில்லை.

பாலத்தடியில் சைக்கிள் பழுதுபார்க்கிறவரை விசாரித்தேன். "ஞாயித்துக்கெழம மத்தியானம் அகலத் தொப்பி போட்ட ஒருத்தர் தண்ணிக்குள்ள நின்னாரு சார், மூஞ்சி தெரியல" என்றார். அப்படி ஒரு தொப்பி உன்னிடம் இருக்கிறது. என்னிடமும் ஒன்று இருக்கிறது, அது வேறு விஷயம்.

அந்த ஞாயிறன்றே உனக்குப் போன் போட்டிருந்தேன். உன் வீட்டுக்காரி, தங்கச்சிதான் எடுத்தாள். "அவர் வெளிய போயிருக்கார் அண்ணா" என்றாள். எங்கே என்று கேட்டதற்கு மென்று விழுங்கினாள்.

18ஆம் தேதி எங்கே இருந்தாய்? பதில் எழுத்தில் வேண்டும்.

அத்தான்


மே 27

அத்தானுக்கு,

ஐந்து மணி நேரம் பஸ்ஸில் வந்து, அக்கா வீட்டு வாசலைக்கூட மிதிக்காமல், ஒளிந்து நின்று மீனைக் கொன்றுவிட்டு நான் திரும்பிப் போகிறேன் என்கிறீர்கள். படித்தபோது முதலில் சிரிப்புதான் வந்தது. சாப்பிட உட்கார்ந்தபோது சிரிப்பு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் எங்கே போகிறேன் என்பது என் சொந்த விஷயம். அதை உங்களிடம் சொல்லவேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை.

உங்கள் கடிதங்களை நீங்களே ஒருமுறை எடுத்துப் படியுங்கள். ஞாயிறு மத்தியானம் பிடிப்பது யார், திங்கள் காலை செத்துக் கிடப்பது எது என்று பாருங்கள். வெயிலில் தண்ணீர் சூடானால் மீனுக்கு மூச்சு முட்டும். கால் மணி நேரம் இழுத்துக் களைக்கவைத்து, வெளியே தூக்கிப் படம் வேறு எடுத்து விட்டால், நீந்தித்தான் போகும். போய்ச் சாகும்.

மச்சான்


ஜூன் 3

மச்சான் அவர்களுக்கு,

கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை, கேட்டவன்மேல் பழி. நான் பார்த்த குற்றவாளிகள் பத்துப் பேரில் ஒன்பது பேர் இப்படித்தான் பேசினார்கள். எனக்கு மீன் பிடிக்கத் தெரியாது என்று என்னிடமே சொல்கிறாய். நல்லது.

ஆற்று மீன்பிடிச் சங்கத்துக்கு ஊதா நூல் பூச்சியோடு புகார் எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்தப் பருவத்துக்கு உன் மீன்பிடி அனுமதி அட்டையைத் தராமல் நிறுத்திவைத்திருக்கிறார்கள். கடிதம் உனக்கு வந்து சேரும்.

உன் அக்கா மூன்று நாளாக என்னிடம் பேசுவதில்லை. தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். அவளுக்கும் முன்பே எல்லாம் தெரியுமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.

இப்படிக்கு,
அத்தான்


ஜூன் 10

அத்தானுக்கு,

சங்கத்தின் கடிதம் வந்தது. "நம்பத்தகுந்த உறுப்பினர் அளித்த புகாரின்பேரில்" என்று போட்டிருக்கிறார்கள்.

கையெழுத்து கேட்டீர்கள் இல்லையா? இந்தக் கடிதத்தைக் கையாலேயே எழுதுகிறேன். எழுத்து எப்படி ஏறி இறங்குகிறது என்று பாருங்கள். இந்த ஒரு பக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. இடையில் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன்.

கார்த்திகை மாதத்திலிருந்து வலது கை நடுங்குகிறது. முதலில் டீ சிந்தியது. பிறகு மெழுகில் பல் செதுக்கும்போது கத்தி வழுக்கியது. இப்போது பட்டறையில் நுணுக்க வேலை எல்லாம் கூட வேலை செய்கிற பெண்தான் பார்க்கிறாள். நான் பில் போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கைப் பயிற்சிக்குப் போகிறேன். ஒரு அறையில் பத்துப் பேர் உட்கார்ந்து சட்டைப் பித்தானைப் போட்டுக் கழற்றுகிறோம். அக்காவுக்குத் தெரியாது. தெரிந்தால் அழுவாள் என்று வீட்டிலும் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவைத்திருந்தேன். என் மனைவி போனில் மென்று விழுங்கியது இதைத்தான்.

இந்தக் கையால் தூண்டில் வீசினால் கொக்கி என் காதில்தான் மாட்டும். கார்த்திகைக்குப் பிறகு நான் ஒரு பூச்சிகூடக் கட்டவில்லை. ஊதா நூலில் கடைசியாகக் கட்டியது ஒரு டஜன். போன வருஷம் கிளம்பும்போது உங்கள் கையில்தான் கொடுத்தேன். பெட்டியைத் திறந்து எத்தனை மீதி என்று பாருங்கள். ஒன்று உங்கள் நூலை அறுத்துக்கொண்டு ஓடியதாக நீங்களே எழுதியிருந்தீர்கள்.

இன்னமும் சந்தேகம் இருந்தால், ஒரு மீனைப் பிடித்து, தண்ணீருக்குள்ளேயே கூடையில் விட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். உங்களுக்குத்தான் ஆதாரம் வேண்டுமே.

மச்சான்


ஜூன் 16

அன்புள்ள மச்சானுக்கு,

சனிக்கிழமை வந்த உன் கடிதத்தை உன் அக்காதான் முதலில் பிரித்தாள். நின்றபடியே படித்தாள். என் முன்னால் மேஜைமேல் வைத்தாள். பையை எடுத்துக்கொண்டு பத்து மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அன்றைக்கே அங்கே வந்து சேர்ந்திருப்பாள்.

பெட்டியில் எட்டுதான் இருந்தன.

நேற்று ஞாயிறு. துணி போடும் பிளாஸ்டிக் கூடையில் கல்லைப் போட்டு மடுவில் இறக்கினேன். தெர்மாமீட்டரை விட்டேன். காலை ஏழுக்குப் பதினேழு டிகிரி, பன்னிரண்டரைக்கு இருபத்து மூன்று. ஒரு மீனைப் பிடித்தேன். எப்போதும்போல இழுத்தேன், எப்போதும்போலக் கையில் ஏந்தினேன், கூடையில் விட்டேன். வாலை ஆட்டிக்கொண்டு நன்றாகத்தான் சுற்றிவந்தது. பார்த்தாயா என்று நான் வாய்விட்டுச் சொன்னேன், பக்கத்தில் யாரும் இல்லை.

ஒன்றேகாலுக்கு அசைவு குறைந்தது. இரண்டுக்கு ஒருபக்கம் சாய்ந்தது. நிமிர்த்திவிட்டேன். மறுபடி சாய்ந்தது. கையை எடுக்காமல் பிடித்துக்கொண்டே நின்றேன். இரண்டரைக்குச் செவுள் அசைவது நின்றது.

இருபது வருஷமாக உயிரோடு விட்டுவிட்டதாகப் பெருமை பேசியிருக்கிறேன். அந்த மத்தியானங்களில் நிழலில் உட்கார்ந்து பூச்சி கட்டிக்கொண்டு, சாயங்காலம் ஆகட்டும் அத்தான் என்று நீ சொல்வாய். சோம்பேறி என்று நினைத்தேன்.

இன்று காலை சங்கத்துக்குப் போனேன். செயலாளர், "அப்ப யாரு சார் அது?" என்றார். "நான்தாங்க" என்றேன். தொப்பிக்காரரும் நான்தான் என்று சொல்லவேண்டியிருந்தது. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள், சிரிக்கட்டும். என் அட்டையை மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன். உன்னுடையதை உனக்கு அனுப்பிவைக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

மன்னித்துவிடு. என் ரிப்போர்ட்டுகளில் எழுதிப் பழகாத சொல் இது. சரியான இடத்தில் போட்டிருக்கிறேனா என்று தெரியவில்லை.

அத்தான்


ஜூன் 28

அன்புள்ள அத்தானுக்கு,

அட்டை வந்தது. இதை நான் சொல்லச் சொல்ல என் மனைவி டைப் அடிக்கிறாள். சில இடத்தில் வேண்டாம் என்கிறாள். அடி என்று சொல்லியிருக்கிறேன்.

கோபம் இல்லை என்று எழுத ஆசைதான். எழுதினால் பொய். மீன், நூல், தொப்பி, சைக்கிள்காரர், எல்லாவற்றையும் விசாரித்தீர்கள். "ஏண்டா வரலை, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.

நான் எப்போது வருவேன் என்று இப்போதைக்குக் கேட்காதீர்கள். எனக்கே தெரியாது.

அக்கா என் சட்டைப் பித்தான்களை எல்லாம் பெரிதாக மாற்றித் தைத்துவிட்டாள். நாங்கள் பயந்த மாதிரி அழவில்லை. ஒருநாள் முழுக்கத் திட்டினாள், அவ்வளவுதான். திரும்பிப் போகவா வேண்டாமா என்று நாலு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். போ என்றேன்.

வியாழக்கிழமை மூன்று மணி பஸ்ஸில் வருகிறாள். நிறுத்தத்துக்குப் போய் நில்லுங்கள். பையை வாங்கிக்கொள்ளுங்கள். வழியில் எதையும் விசாரிக்காதீர்கள். அவளாகச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நடங்கள்.

மச்சான்