போனில் சொன்ன எடை

அன்புத் தங்கச்சிக்கு,

வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷனுக்கு நீயும் நாள் குறித்துவிட்டதாக அம்மா சொன்னாள். என்னை நம்பித்தான் துணிந்தாயாம்.

எனக்கு ஆபரேஷன் முடிந்த வருடம் எடை தொண்ணூறு கிலோவுக்கு இறங்கியது உண்மை. அப்புறம் ஏறிவிட்டது. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து போனில் எடை கேட்கும்போதெல்லாம் தொண்ணூறு என்றே சொன்னேன். உன்னிடமும் அதைத்தான் சொன்னேன்.

நேற்று நேரில் கூப்பிட்டார்கள். மெஷின் நூற்றுப்பதினாறு காட்டியது.

"போன்ல தொண்ணூறுன்னுதானே சொல்லிக்கினு இருந்தீங்க சார்?" நர்ஸ் மெதுவாகத்தான் கேட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

ஆபரேஷனில் குறையில்லை. தேர்வாய் கண்டிகை ஃபேக்டரி கேன்டீனில் எல்லோரும் போன பிறகு ஒளிந்து தின்றவன் நான்தான். பொங்கலுக்கு ஊருக்கு வராததற்கும் ஷிப்ட் காரணமில்லை; நீ பார்த்துவிடுவாய் என்ற பயம்.

டாக்டரைப் பார்க்கும் நாளைச் சொல். நானும் வருகிறேன். என்னைப் பார்த்த பிறகு முடிவு செய்.

உன்னிடம் பொய் சொன்ன
அண்ணன்