நீல விளக்கின் அடியில் பாப்பா

9 நவம்பர் 2009, திங்கள்

விடாத மழை. சனிக்கிழமை பிறந்தா. பொண்ணு. தையல் இழுக்குது, உட்கார்ந்து எழுத முடியல. ஒருக்களிச்சுப் படுத்து எழுதுறேன்.

காலையில டாக்டரம்மா வந்து பாப்பா நெத்தியை விரலால அழுத்திப் பார்த்தாக. விரல் எடுத்த இடம் மஞ்சள். என் ரத்தம் ஓ, அவளுக்கு அவுக அப்பா மாதிரி பி. அது ஒத்துக்காம வர்ற மஞ்சளாம். டெஸ்ட் எடுத்தாச்சு. மஞ்சள் அளவு (இனி ம.அ.) 15.

"இருபதைத் தாண்ட விடக் கூடாதும்மா. மூளைக்குப் போயிரும். விளக்குல வைப்போம்."

விளக்கு பக்கத்து ரூம்ல. பார்த்ததுமே தெரிஞ்சிருச்சு, எல்இடி. பழனிசெட்டிபட்டி கம்பெனியில நான் நாள் பூரா போர்டுல கோர்க்குற அதே சாமான். அங்கன எமர்ஜென்சி லைட்டுக்கு வெள்ளை, இங்கன நீலம். நீல வெளிச்சம் தோல்ல பட்டா மஞ்சள் கரைஞ்சு வெளிக்குப் போறதுல வந்துருமாம்.

கண்ணுல கறுப்புத் துணி கட்டிட்டாக. இடுப்புத் துணி மட்டும். பெத்து ரெண்டு நாள்தான், முகத்தைச் சரியா இன்னும் பார்க்கல.

வீட்டுல இருந்து வேணும்: பழைய வேட்டி கிழிச்சது, ஃப்ளாஸ்க், சீப்பு. கம்பெனிக்குப் போன் பண்ணணும்.

10, செவ்வாய்

மழை. கரண்ட் வர்றதும் போறதுமா. ம.அ. 18. விளக்குல வச்சும் ஏறுது.

பால் குடுக்க மட்டும் வெளிய எடுக்கலாம். குடிக்காமத் தூங்குறா. உள்ளங்கால்ல சுண்டினாத்தான் வாய் அசையுது. சுண்டிச் சுண்டிக் கால் சிவந்துபோச்சு. நானே சுண்டுறேன், நானே அழுறேன்.

விளக்குல ஒரு வரிசை எரியல. நர்ஸ் ஷீபாகிட்ட காட்டினேன். குமுளிப் பொண்ணு. "அது விளக்குக் கம்பெனிக்குச் சொல்லியாச்சு சேச்சி. மதுரையில இருந்து ஆள் வரும்." ஒரு வரிசையில எல்லாம் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா இருக்கும். ஒண்ணு அத்துப்போனா வரிசை மொத்தமும் அணைஞ்சிரும். மத்த வரிசையெல்லாம் கண் கூசுற மாதிரி எரியுதேன்னு மனசைத் தேத்திக்கிட்டேன்.

அத்தை மத்தியானம் சோறு கொண்டுவந்தாக. வந்ததுல இருந்து ஒரே பேச்சு. "கடமலைக்குண்டுல ஒருத்தரு பச்சிலை குடுக்குறாராம். ஒரே வேளை. தூக்கிட்டுப் போயிட்டு வந்துருவோம் ஆத்தா."

பச்சப்பிள்ளைக்குப் பால் தவிர எதுவும் குடுக்கக் கூடாதுன்னேன்.

"நாலு பெத்தவ சொல்றேன்."

அவுக (என் வீட்டுக்காரர்) ஜன்னல்ல மழையப் பார்த்துக்கிட்டே நின்னாக. ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

11, புதன்

காலை ம.அ. 19.4.

டாக்டரம்மா உட்கார்ந்து பேசினாக. எப்பவும் நின்னுக்கிட்டே பேசுறவுக. மதுரைக்குக் கொண்டுபோய் ரத்தம் மாத்தணும். பழைய ரத்தம் கொஞ்சம் கொஞ்சமா எடுத்து, புதுசு ஏத்துறது. ஆம்புலன்ஸுக்குச் சொன்னா, ஆண்டிபட்டி கணவாயில மரம் சாஞ்சு ரோடு அடைச்சுக் கிடக்காம். ரெண்டு பக்கமும் வண்டி நிக்குதாம்.

"ரோடு திறக்குற வரைக்கும் இந்த விளக்குதான்."

வெளிச்சம் அளக்குற மீட்டர் போடியில ஒரு ஆஸ்பத்திரியில இருக்குன்னு அவுகளை அனுப்பினாக. மழையில பைக்ல போய், சட்டைக்குள்ள வச்சு வாங்கிட்டு வந்தாக. பாப்பா நெஞ்சுக்கு நேரா வச்சுப் பார்த்தா, இருக்க வேண்டியதுல பாதி கூட இல்ல.

என்னால நம்ப முடியல. இவ்வளவு பளிச்சுன்னு எரியுது.

"கண்ணுக்கு அப்படித்தான் தெரியும்மா. எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு கண்ணு சொல்லாது."

விளக்கு முதுகுல கை வச்சேன். கொதிக்குது. ஃபேன் சத்தம் இல்ல. ரெண்டு நாளா பக்கத்துலயே உட்கார்ந்திருக்கேன், கவனிக்கல. எல்இடிக்கு முன்பக்கம் சுடாது, சூடெல்லாம் பின்னால போகும். அதை வாங்கத்தான் முதுகுல அலுமினியத் தகடு, அதுக்கு மேல ஃபேன். சூடு மிஞ்சினா, கரண்ட்டை அளந்து விடுற டிரைவர் தானே கரண்ட்டைக் குறைச்சிரும். எல்இடி கருகாம இருக்க. அணையாது. மங்கும், அவ்வளவுதான்.

சொன்னேன். டாக்டரம்மா உடனே மதுரை மெக்கானிக்குக்குப் போன் போட்டு ஸ்பீக்கர்ல வச்சாக. அவரும் உசிலம்பட்டி பக்கம் வண்டியில மாட்டிக் கிடக்காரு.

"அப்படித்தான் இருக்கும் மேடம். பிளக்கைப் புடுங்கிட்டுப் பின்மூடியைக் கழட்டிப் பாருங்க. ஃபேன்ல பஞ்சு அடைச்சிருக்கும். டிரைவர்ல மட்டும் யாரும் கை வைக்க வேணாம்."

டாக்டரம்மா என்னைப் பார்த்தாக. "செய்வியா?"

பாப்பாவை வெளிய எடுத்து அத்தை மடியில போட்டோம். நீலம் இல்லாத வெளிச்சத்துல அவளைப் பார்த்தேன். பரங்கிப்பூ மாதிரி. கண்ணுத் துணிக்குக் கீழ மூக்கு, உதடு, எல்லாம் பரங்கிப்பூ.

அவுக டார்ச் பிடிச்சாக. ஸ்க்ரூ கழட்ட வரல. கம்பெனியில கண்ணை மூடிக்கிட்டுச் செய்யுற வேலை. மூடி திறந்தா உள்ள மெத்தை மாதிரி பஞ்சு. சின்னப் பிரஷ்ஷால எடுத்தேன். ஃபேன் வயர் சொருகுற இடத்துல லூஸு. மெக்கானிக் சொல்லச் சொல்ல அழுத்திவிட்டேன். பிளக் மாட்டினோம். ஒண்ணும் இல்ல. அப்புறம் ஒரு இழுப்பு, ஓட ஆரம்பிச்சிருச்சு.

கொஞ்சம் ஆற விட்டு மீட்டர் வச்சாக. ஏறியிருக்கு. ஆனா பத்தல, ஒரு வரிசை செத்ததுதானே. டாக்டரம்மா விளக்கை நல்லாக் கீழ இறக்கினாக. "ஹாலஜன் பல்புன்னா இவ்வளவு கிட்டக் கொண்டுவர முடியாது, பிள்ளை சூடாயிரும். இதுக்குப் பரவாயில்ல." சுத்தி வெள்ளைத் துணி கட்டச் சொன்னாக, வெளிச்சம் சிதறாம திருப்பி அடிக்க. அத்தை கொண்டுவந்த வேட்டியைத்தான் கட்டினோம். மறுபடி மீட்டர். "இப்பச் சரி."

சாயங்காலம் ம.அ. 19.6.

"ஏறுற வேகம் குறைஞ்சிருக்கு"ன்னாக. ஏறத்தானே செய்யுது. பாத்ரூம்ல போய்த் துண்டைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். இனி என் கையில செய்ய ஒண்ணும் இல்ல.

12, வியாழன்

தூறல். ரோடு திறந்தாச்சு. ஆம்புலன்ஸ் வாசல்ல.

ம.அ. 17.

டாக்டரம்மா தாளை ரெண்டு தடவை பார்த்தாக. "சாயங்காலம் வரைக்கும் பொறுப்போம். ஏறினா உடனே கிளம்பிரலாம்."

மத்தியானம் பாப்பா கரும்பச்சையா வெளிக்குப் போனா. அத்தை துணியை விரிச்சு எல்லாருக்கும் காட்டினாக. "இறங்குது பாரு. அம்புட்டும் இறங்குது." பச்சிலைப் பேச்சு இல்ல.

சாயங்காலம் 15. ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பியாச்சு. அவுக வராந்தாவுல சுவரைப் பார்த்துக்கிட்டுக் குலுங்குனாக. நான் பார்த்ததைக் காட்டிக்கல.

14, சனி

ம.அ. 11. விளக்கை நிறுத்தியாச்சு. கண்ணுத் துணியை அவுத்தாக. முழு முகத்தையும் இப்பத்தான் பார்க்குறேன்.

டாக்டரம்மா போறப்ப சொன்னாக: "இவ்வளவு ஏறி இறங்கினா சில பிள்ளைகளுக்குக் காது பாதிக்கும். பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது. அடுத்த மாசம் மதுரையில ஒரு டெஸ்ட் எடுத்திருங்க."

மஞ்சள் இறங்கின சந்தோஷமெல்லாம் அந்த ஒரு வார்த்தையில போச்சு. கை தட்டினேன். அசையல. பேர் இன்னும் வைக்கல, என்னன்னு கூப்பிட. சாவிக்கொத்தை ஆட்டினேன். தூங்குறா. தூக்கமா, கேக்கலையா?

16, திங்கள்

வீடு. வெயில். துணி காயுது.

காதைப் பத்தி அத்தைகிட்ட மூச்சு விடல. அவுகளும் நானும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாம அவ பக்கத்துல போய்ச் சொடக்குப் போட்டுப் பார்க்குறோம். காலையில ரெண்டு பேரும் ஒரே நேரத்துல மாட்டிக்கிட்டோம்.

இப்பத்தான். அடுப்படியில அத்தை கைதவறி எவர்சில்வர் தட்டைப் போட்டுட்டாக. பாப்பா தூக்கத்துலயே ரெண்டு கையும் விரிச்சுத் தூக்கிவாரிப்போட்டு, வீல்னு ஒரு கத்து.

அத்தை பதறி ஓடிவந்தாக. "கை வழுக்கிருச்சு ஆத்தா, பிள்ளை பயந்துருச்சே."

இன்னொரு தடவை போடுங்க அத்தைன்னேன்.