தேன் கண்ணில் என் பங்கு

இன்று காலை பேரனைக் காலில் போட்டு விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்த வாசனையோடு நீங்கள் வந்துவிட்டீர்கள், நங்கை. கல்யாணமான நாளிலிருந்து நாத்தனார் உங்களை நங்கை என்றுதானே கூப்பிட்டேன். முகத்தில் வெயில் பட்டதும் பையன் கண் விழித்தான். தேன் நிறம். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "அட, உங்க நங்கை ஊட்டுக் கண்ணுங்க!" என்றாள். நீங்கள் காலமாகி வருசம் திரும்பிவிட்டது. இன்னும் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.

அந்தக் கண் உங்கள் அம்மாவுடையது. எனக்கு மாமியார். அவர் பெற்ற உங்களுக்கும் அது வரவில்லை, உங்கள் தம்பியான என் வீட்டுக்காரருக்கும் வரவில்லை. இருவருக்கும் கருவிழிதான். ஆனால் நீங்கள் கட்டிக்கொண்டது தாய்மாமன் மகனை. அவருக்கும் தேன் கண்.

நெசவுத் தறிக்குழியில் மழைத்தண்ணீர் ஊறிய ஐப்பசியில் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். வெந்நீர் வைத்தது நான். மருந்து அரைத்தது, பிள்ளைக்கு விளக்கெண்ணெய் தேய்த்தது நான். உங்கள் பெண் கண் திறந்ததும் அத்தை, மடியில் இருந்த என் மகனை இறக்கிவிட்டு அவளை வாங்கிக்கொண்டார்.

"எம்பட கண்ணு சாமி! எம்பட கண்ணே வந்திருச்சு!"

தவழ்ந்து போய்ச் சேலையைப் பிடித்த என் மகனிடம், "நீ போ சாமி, உனக்கு உங்காத்தா ஊட்டுக் கண்ணு" என்றார். அவனும் பேரன்தானே அம்மா என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சிரித்தீர்கள். உங்கள் புகுந்த ஊரான இளம்பிள்ளைக்கு நீங்கள் வண்டி ஏறியபோது அத்தையும் ஏறிக்கொண்டார். "அம்மா கூட வாரேங்குது, நான் என்ன பண்ணட்டும் புள்ள?" அதற்கும் அதே சிரிப்பு. அத்தை அப்புறம் எங்களோடு வந்து இருக்கவே இல்லை.

அந்தப் பெண்தான், முறைப்பெண் என்று, என் மகனுக்கு வாய்த்தாள்; இந்தப் பேரன் அவர்கள் பிள்ளை. அவளிடம் எனக்குக் குறை கிடையாது. குறை உங்களிடம்தான்.

மத்தியானம் என் தம்பி வந்தான், ராசிபுரத்தில் வாத்தியாராக இருக்கிறவன். குழந்தையைப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"அந்தக் கண்ணு ஒருத்தரு குடுத்து வராதுக்கா. அப்பன் ஒரு பங்கு, ஆத்தா ஒரு பங்கு குடுக்கோணும். ஒண்ணு தேனு, ஒண்ணு கருப்புன்னா கருப்புதான் வெளிய தெரியும். தேனு அழிஞ்சு போகாது, உள்ளயே கெடக்கும்."

"அப்ப எம்பையங்கிட்டயும் கெடந்துச்சா?"

"கெடக்காம? மச்சானுக்கு அவங்காத்தா குடுத்தது. மச்சான் உம்பையனுக்குக் குடுத்திருக்காரு."

அடுப்படிக்குள் போய்ச் சிரித்தேன். பிறகு அழுகை வந்தது. உங்கள் அம்மா இறக்கிவிட்டாரே, அந்தப் பிள்ளைக்குள்ளும் அவர் கண் இருந்திருக்கிறது. தன் கண்ணையே தள்ளிவிட்டிருக்கிறார். அவரும் இல்லை, நீங்களும் இல்லை. ஆனாலும் இந்தக் கடிதத்தில் உங்களிடம் எழுத்துக்கூட்டிச் சொல்கிறேன்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன். "அவங்க ஊட்டுது பாதிதானுங்க. மீதி எம்பையன் குடுத்தது" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாவிட்டால் போகிறது.

பாதி உங்களுடையதுதான் நங்கை, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இப்போது அவன் தூங்குவது என் மடியில். கால் மரத்துவிட்டது. இறக்கிவிடவில்லை.