ஜெசிந்தா கொண்டுவந்த தாள்

14 ஜூலை 2009, செவ்வாய்

இனயம் தேவாலயத்தின் பங்கு அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஜெசிந்தா இன்று இரண்டு பஸ் மாறிக் குழித்துறைக்கு வந்தாள். நாங்கள் சிலர் சேர்ந்து எழுதி இலவசமாகக் கொடுக்கும் பதிவேட்டு மென்பொருள் அவளுடைய கம்ப்யூட்டரில் திறக்கவில்லை. திரையில் வந்த பிழைச் செய்தியை ஓர் எழுத்து விடாமல் நோட்டுத் தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள்.

"நான் என்னத்தையோ மாத்தி அமுக்கிட்டேன்னு நினைக்கேன் அண்ணே," என்றாள்.

அவள் எதையும் மாற்றி அமுக்கவில்லை. வேறு யாரோ எழுதித் தயாராக வைத்திருக்கும் ஒரு கோப்பு இல்லாமல் எங்கள் மென்பொருள் ஓடாது. அதையும் சேர்த்தே கொடுப்போமா என்று எங்களில் ஒருவனான சனல் போன மாதம் கேட்டான். அதில் கோளாறு வந்தால் யார் பொறுப்பு, வேண்டுபவர்கள் இணையத்தில் எடுத்துக்கொள்ளட்டும் என்று குழு மடலில் மறுத்தது நான்தான். அதைக்கூட எடுத்துக்கொள்ளாதது சோம்பேறித்தனம் என்றும் எழுதினேன்.

ஜெசிந்தாவின் அலுவலகத்தில் இணையமே கிடையாது.

கோப்பைப் பென்டிரைவில் போட்டுக் கொடுக்க இரண்டு நிமிடம்தான் ஆனது.

"அடுத்த மட்டம் பாத்து அமுக்குவேன் அண்ணே. கோவப்படாதீங்க."

"சாரமில்ல, பரவால்ல," என்று பெருந்தன்மையாகச் சொல்லி, அவளை மன்னித்து அனுப்பினேன்.