பக்கத்து வீட்டுப் பூனைக்கு அரை மாத்திரை

என்னங்க,

டூட்டிக்குக் கிளம்பிவிட்டேன். பக்கத்து வீட்டுப் பூனையின் வாலடியில் அரிசி மாதிரி ஒட்டியிருந்தது நாடாப்புழுத் துண்டாம். கால்நடை டாக்டர் கொடுத்த மாத்திரை ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது. மத்தியானம் பூனை வந்ததும் பாதி மாத்திரையைப் பொடித்து, அதற்கென்று தனியாக அவித்து வைத்திருக்கும் மீனில் பிசைந்து வையுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

அந்த வீட்டு அக்காவிடம் கேட்டுவிட்டேன். "தாராளமா குடும்மா. நாங்க தொட்டா பிறாண்டுது. உன் வீட்டுக்காரர் மடியில மட்டும் பெட்டிப் பாம்பா கெடக்கு. தினமும் ஜன்னல் வழியா பாக்குறேனே!" என்றார்.

"அந்தப் பூனை உள்ள வந்தா நான் வெளிய போயிடுவேன்" என்று என்னிடம் குதித்தது யார் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

உங்கள் சாப்பாடு மேஜைமேல் மூடியிருக்கிறது. அதிலுள்ள மீன் உங்களுக்கு. பூனைக்குப் பங்கு வைக்க வேண்டாம்.

பி.கு.: நீங்கள் கோபித்துக்கொண்டு போய்ப் படுக்கிற சோஃபாவின் உறையைத் துவைத்துப் போட்டிருக்கிறேன். இன்றைக்குள் காயாது. உங்கள் தலையணையைக் கட்டிலில் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

எனக்குக் கோபம் தீரவில்லை. கட்டிலில் இடம் இருக்கிறது, அவ்வளவுதான்.