சரிவில் பழகிய கால்

என் அன்பு மதினி,

நேற்று உங்கள் மகளைத் திண்டுக்கல்லுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மாவட்ட சாஃப்ட்பால் டீமுக்குப் பெண் பிள்ளைகளை எடுக்கிறார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்து, "செல்வி, அவ பேட்டை மட்டும் யாரும் புடுங்கிராம பாத்துக்க" என்றீர்களே, அதற்காகத்தான் போனேன். அண்ணன் முன்தினமே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "இந்தத் தடவ எடுக்கலைன்னா பேட்டு பரணுக்குப் போகுது. தோட்டத்துல ஆளு பத்தல."

பஸ் வத்தலக்குண்டில் நின்றபோது, "உங்க அம்மா ஊரு" என்றேன். கார்த்திகா தலையை மட்டும் ஆட்டினாள். மடியில் அந்தக் காலத்தில் நீங்கள் ஆடிய பழைய அலுமினிய பேட். நீங்கள் பிடியில் சுற்றிய நீலத் துணியை இன்னும் அவிழ்க்கவில்லை.

எனக்கு இந்த விளையாட்டைப் பற்றி என்ன தெரியும் மதினி? நீங்கள் கல்யாணமாகி மலைக்கு வந்த முதல் வாரம், பூண்டுக் காட்டில் நடந்ததுதான் தெரியும். சமதரையில் வளர்ந்தவர் நீங்கள். சரிவில் நின்று மம்பட்டியை ஓங்கியதும் கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டீர்கள். எழுந்து, சேலையைத் தட்டிவிட்டு, முதல் வேலையாக இரண்டு காலும் நிற்கிற அளவுக்கு மண்ணை மட்டமாக வெட்டினீர்கள்.

"பாத்தி வெட்டச் சொன்னா, எங்க மதினி நிக்கிறதுக்கு மேடை போடுறாக!" என்று காடே கேட்கக் கத்திச் சிரித்தேன். நீங்களும் சிரித்தீர்கள். பிறகு அந்த மட்டத்தில் ஏறி, முழங்காலை மடக்கி, எடையைப் பின்னங்காலில் இறக்கி, இடுப்பைத் திருகி ஒரு வெட்டு. அண்ணன் தன் மம்பட்டியை ஊன்றிக்கொண்டு பார்த்தார். "கையால வெட்டாத செல்வி. மொதல்ல இடுப்பு வரட்டும், கை கடைசியா வந்தாப் போதும்" என்றீர்கள். நான் எங்கே கேட்டேன்?

நீங்கள் போன பிறகு அவளுக்குப் பந்து எறிய ஆள் நான்தான். அதே சரிவில் அவள் மேலே நிற்பாள், நான் கீழே. அவள் அடிக்காமல் தவறவிட்ட பந்து மேல் வரப்பில் முட்டி, உருண்டு என்னிடமே வந்துவிடும். ஓடிப் பொறுக்கச் சோம்பல், வேறு காரணம் ஒன்றுமில்லை. ஒன்றரை வருஷமாக இப்படித்தான் எறிந்தேன்.

திண்டுக்கல் மைதானம் தோசைக்கல் மாதிரி மட்டம். ஆளுக்கு ஐந்து பந்து என்றார் கோச். முதல் பந்தை அடித்தாள், நேராக வானத்துக்குப் போய் பக்கத்திலேயே விழுந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே.

"ஏம்மா, எதுக்கு இப்பிடிப் பின்னால சாயுற? வானத்தையா அடிக்கப் போற?" என்றார் கோச்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் சரிவில் அவளுடைய முன்னங்கால் எப்போதும் பள்ளத்துப் பக்கம். முன்னால் விழாமல் இருக்க, உடம்பைப் பின்னால் இழுத்துப் பிடித்தே பழகியிருக்கிறாள். மட்டத் தரையில் அதே பழக்கம் பின்தோளைத் தாழ்த்திவிடுகிறது, பேட் பந்துக்கு அடியில் போகிறது. பிள்ளை மேல் தப்பே இல்லை மதினி, கீழே நின்று எறிந்த என் தப்பு. கத்திச் சொன்னால் மட்டும் ஒன்றரை வருஷப் பழக்கம் உடனே மாறிவிடுமா? இன்னும் இரண்டே பந்து. என்னால் அந்தப் பேட் பரணுக்குப் போகப் போகிறது.

கார்த்திகா கோட்டைத் தாண்டி வெளியே வந்து தன் கால்களையே பார்த்தாள். திரும்ப உள்ளே போனாள். முன்னங்கால் வைக்கிற இடத்தில் ஷூ முனையால் மண்ணைப் பறிக்கத் தொடங்கினாள். வரிசையில் நின்ற பிள்ளைகள் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். "ஏ புள்ள, கெணறு வெட்டுறியா?" என்றாள் ஒருத்தி. "வெரசா ஆகட்டும்மா" என்றார் கோச். அவள் காதில் எதுவும் விழவில்லை. நாலு விரல் ஆழம் பறித்து, முன்னங்காலை அதில் வைத்தாள்.

நான் சிரிக்கவில்லை மதினி. எனக்கு உங்கள் மேடைதான் ஞாபகம் வந்தது.

முழங்கால் மடங்கியது. எடை முழுக்கப் பின்னங்காலில் இறங்கியது. எதிரே இருந்த பெண் கையைச் சுழற்றிப் பந்தை விட்டபோது, இவள் முன்னங்கால் லேசாக எழும்பியது, கைகள் பின்னால் போயின. இடுப்பும் தோளும் திருகி இறுகி, ஒரு கணம் அசையாமல் நின்றாள். அத்தனை பலமும் அந்தச் சின்ன உடம்பில் எங்கே ஒளிந்திருந்தது? முன்னங்கால் பள்ளத்தில் ஊன்றியது. இடுப்பு திரும்பியது. தோள் வந்தது. கை கடைசியாக வந்தது. பந்து தாழப் பறந்து, கடைசி வேலிக் கம்பியில் மோதிய சத்தம் எங்களுக்குக் கேட்டது.

ஐந்தாவது பந்தும் அதே வேலிக்குத்தான் போனது. இப்போது யாரும் சிரிக்கவில்லை.

உங்கள் மேடைக் கதையை நான் அவளுக்குச் சொன்னதே இல்லை. நீங்கள் சொன்னீர்களா? சரிவில் நீங்கள் மட்டம் வெட்டினீர்கள், மட்டத்தில் அவள் சரிவு வெட்டுகிறாள். யார் சொல்லித் தந்தது என்று கேட்டேன். "யாரும் சொல்லல அத்தை. நம்ம காடு மாதிரி ஆக்குனேன், அம்புட்டுதேன்" என்று தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.

எடுத்தவர்கள் பட்டியலில் கடைசிப் பெயராக அவள் பெயரை வாசித்தார்கள். கோச் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "எல்லா மைதானத்துலயும் தோண்டிக்கிட்டு இருக்க முடியாது, மட்டத்துல நிக்கப் பழகு" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் அவள் கையிலிருந்து பேட்டை வாங்கினார். பிள்ளை பயந்து என்னைப் பார்த்தாள். அவர் தோள் துண்டால் அதன் புழுதியைத் துடைத்து, உங்கள் படத்துக்குக் கீழே சாத்தி வைத்தார்.

நாளை வெள்ளனே மம்பட்டியோடு மேல் காட்டுக்குப் போகிறேன் மதினி. இரண்டு பாத்திப் பூண்டு போனால் போகட்டும் என்று அண்ணனே சொல்லிவிட்டார். அவள் நிற்க ஒரு மட்டம், நான் எறிய ஒரு மட்டம். பந்து எங்கே ஓடினாலும் நானே பொறுக்கி வருவேன். நீங்கள் சொன்னபடியே முழங்காலை மடக்கி, இடுப்பால் வெட்டுவேன். கை கடைசியாகத்தான் வரும். யார் வரப்பில் நின்று சிரித்தாலும், அவள் கால் நிற்கிற அளவுக்கு வெட்டாமல் இறங்க மாட்டேன்.

அன்று சிரித்த உங்கள் நாத்தனார்,
செல்வி